காப்புக் கட்டிய கை

கார் விடிந்த பிறகுதான் வந்தது.

வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிந்திருந்த சுலோசனா, சத்தம் கேட்டும் நிமிரவில்லை. முந்தின நாள் மாலையிலிருந்து ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து வந்து பார்த்தாகிவிட்டது. பாண்டிச்சேரி பஸ், உப்பு லாரி, அனுமந்தையிலிருந்து மீன் ஏற்றிப் போகும் டெம்போ. எதுவும் ஆலங்கழனிப் பக்கம் திரும்பவில்லை. இப்போது ஒன்று திரும்பி, வீட்டு வாசலில் நின்றும்விட்டது. கிழக்கே உப்புப் பாத்திகளில் வெயில் விழுந்து கண் கூச ஆரம்பித்திருந்தது. இனிமேல் வந்து என்ன ஆகப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் தட்சணாமூர்த்தி இறங்கினார். முழுக்கைச் சட்டையை எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்து விட்டுக்கொள்கிறவர் அவர். இன்று மடிப்பை இறக்கி, மணிக்கட்டில் பட்டன் போட்டிருந்தார். உள்ளே இருந்த மஞ்சள் காப்பு வெளியே தெரியவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு வேறு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"எங்க படுத்தீங்க?"

"படுக்கல."

"தூங்கினீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றி, சுவர் ஓரமாக ஒழுங்காக வைத்தார். "நாற்காலியில உக்காந்தபடியே கண்ணு சொக்கிடுச்சு. ரெண்டு மணி இருக்கும்."

ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து சரவணகுமார் தலையை நீட்டினான். சுலோசனாவின் சித்தப்பா மகன். நாற்பத்தைந்து வயதாகிறது, பத்து வருடமாக இந்த வீட்டுக் காரை ஓட்டுகிறான். "நாற்காலியில தூங்குனா அது ராத்தங்கல் இல்லக்கா. அப்படிப் பாத்தா பஸ்ல தூங்கறவன்லாம் இன்னா கணக்கு?"

"நீ வாயை மூடிக்கினு வண்டியை ஓரமா வை."

ஆலங்கழனி திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டியவர்கள் பத்து நாள் விரதம் இருப்பார்கள். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, கவிச்சி கிடையாது. இதெல்லாம் மற்ற ஊர்களிலும் உள்ளதுதான். இந்த ஊரில் கூடுதலாக ஒரு கட்டு உண்டு. பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். விளக்கு வைப்பதற்குள் எல்லைக்கல்லைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட வேண்டும். காப்புக் கட்டிய கை ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கக் கூடாது. சொந்த அண்ணன் சாவுக்குப் போன இடத்தில் பிணம் எடுக்கும் வரை காத்திராமல் பொழுதோடு திரும்பியவர்கள் இங்கே இருக்கிறார்கள். தங்கிவிட்டுத் தீயில் இறங்கினால் கால் வெந்துவிடும். அப்படி வெந்தவர்களின் பெயர்களைக் கேட்டால், யாரும் யோசிக்காமல் நான்கைந்து சொல்வார்கள்.

தீமிதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

தட்சணாமூர்த்தியைக் கட்சியில் மூர்த்தி என்பார்கள். ஊராட்சித் தலைவராக இருமுறை இருந்தவர். உள்ளாட்சித் தேர்தல் எப்போது வேண்டுமானாலும் அறிவிக்கப்படலாம். இந்த முறை ஒன்றியச் சேர்மன் பதவிக்குக் கட்சியில் அவர் பெயரும் வேல்முருகன் பெயரும் அடிபட்டன. இருபத்தெட்டு வருட மேடைப் பேச்சு அவருடையது. 'சாமியைத் தேடிக் கோயிலுக்குப் போகாதே, உப்புப் பாத்தியில் குனிந்து நிற்கிறவன் முதுகைப் பார்' என்று அவர் குரலை ஏற்றும் இடத்தில் கைதட்டல் நிச்சயம்.

மேடைக்குப் போகாத நேரத்து மூர்த்தியை சுலோசனாவுக்கு மட்டும்தான் தெரியும். தினமும் குளித்துவிட்டு வந்து, சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அம்மன் படத்தின் முன்னால் அவர் நிற்பார். நெற்றியில் திருநீறு பூசுவார். கார் வந்து நின்றதும், வாசல்படி தாண்டுவதற்கு முன்னால், அவள் முந்தானையால் அதைத் துடைத்துவிடுவாள். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவர் குனிவார், அவள் துடைப்பாள். கொஞ்சம் ஒட்டியிருந்தால் எச்சில் தொட்டுத் துடைப்பாள்.

போன மாதம் கார்த்திகேசன் போன் பண்ணினார். மாவட்டச் செயலாளர் என்பதால் கட்சியில் அவரை 'மாவட்டம்' என்றே கூப்பிடுவார்கள். மூர்த்தி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மூர்த்தி, உங்க ஊரு தீமிதி எப்போ?"

"அடுத்த மாசம் மாவட்டம்."

"எறங்கிடு."

"தீயிலயா?"

"பின்ன, ஏரியிலயா? அந்தக் கட்சிக்காரன் தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கினு பன்னெண்டு கிலோமீட்டர் நடந்தான். வீடியோவ ரெண்டு லட்சம் பேர் பாத்திருக்கான். நம்மள சாமி இல்லாத கட்சின்னு ஊர் ஊரா சொல்லிக்கினு போறான். நீ கூனிமேட்டுல தொப்பி போட்டுக்கினு நோன்புக் கஞ்சி குடிச்ச, போட்டோ நல்லா வந்துச்சு. டிசம்பர்ல சர்ச்சுல கேக்கு வெட்டுன. இது ஒண்ணுதான பாக்கி."

"நம்பிக்கை இல்லன்னு மேடை மேடையா பேசினவன் நான்."

"நம்பிக்கையை யாருப்பா கேட்டா? பதினாறு அடி. ஏழெட்டு எட்டு வச்சா தாண்டிடலாம். வேகமாப் போனா ஒண்ணும் ஆவாது. அதுல சயின்ஸ் இருக்குது."

போனை வைத்த பிறகு மூர்த்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சுலோசனா ரசம் ஊற்ற வந்தவள் ஊற்றாமல் நின்றாள். இருவருக்கும் ஒரே நினைவுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், மகள் சத்யப்ரியாவுக்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நாலு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். ஐந்தாவது நாள் மாடிப்படித் திருப்பத்தில், ஆட்கள் இல்லாத ஒரு நிமிடத்தில், மூர்த்தி வெற்றுச் சுவரைப் பார்த்துக் கைகூப்பினார். 'பொண்ணு எழுந்துட்டா தீயில எறங்கறேன் தாயே' என்றார். ஃபிளாஸ்கோடு இரண்டு படி கீழே நின்ற சுலோசனா அதைக் கேட்டாள். பிள்ளை எழுந்துவிட்டாள். இப்போது சென்னையில் நர்சிங் படிக்கிறாள். தீ மட்டும் பாக்கி. ஒவ்வொரு வருடமும் தீமிதி நாளில் அவருக்கு வெளியூரில் ஏதாவது ஒரு கூட்டம் இருக்கும். மறுநாள் விடியற்காலையில், சாம்பல் ஆறுவதற்குள், வாக்கிங் போகிற மாதிரி போய்க் குழி ஓரம் நின்றுவிட்டு வருவார்.

அந்த மத்தியானம் சுலோசனாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. யார் வாயில் நுழைந்து கேட்கிறாள் பார், என்று அம்மனை நினைத்துக்கொண்டாள். கட்சிக்காரன் போட்டோவுக்காகக் கேட்கிறான். கேட்கட்டும், கடன் தீர்ந்தால் சரி.

காப்புக் கட்டிய அன்று போட்டோகிராபர் வந்திருந்தான். மூர்த்தியின் நெற்றியில் குங்குமம் போதவில்லை என்று அவனே இன்னும் கொஞ்சம் வைத்தான். பூசாரி ஆதிமூலம் மஞ்சள் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டதும், "இன்னொரு வாட்டி கட்டுங்க ஐயா, லைட் வரல" என்றான்.

"ரெண்டு வாட்டி கட்டற கயிறு இல்ல தம்பி இது" என்றார் ஆதிமூலம்.

மூர்த்தி இன்னொரு கையால் முடிச்சைப் பொத்திக்கொண்டதை சுலோசனா பார்த்தாள். அதற்குப் பிறகு ஆறு நாளும் மனிதர் அணுவளவும் பிசகவில்லை. தலையணைகூட வைத்துக்கொள்ளாமல் வெறுந்தரையில் படுத்தார். மேடையில் எத்தனையோ வாக்குக் கொடுத்தவர், இந்த ஒன்றைத்தான் இத்தனை பயபக்தியோடு காப்பாற்றுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஏழாம் நாள் விழுப்புரத்திலிருந்து அவசர அழைப்பு வந்தது. சென்னையிலிருந்து மேலிடப் பொறுப்பாளர் வருகிறார், மூன்று மணிக்குப் பேசி முடித்துவிடுவார், பெயர் அங்கேயே முடிவாகிவிடும். பொழுதோடு வந்துவிடலாம் என்று போனவர்தான் விடிந்து வந்து நின்றார்.

நடந்ததை அவர் கிணற்றடியில் உட்கார்ந்து சொன்னார். பொறுப்பாளர் வரவே ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. அதற்கு மேல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். மூர்த்தியின் முறை வந்தபோது மணி மூன்று. பெயரை அப்போதும் சொல்லவில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கே எழுந்துட்டேன் சுலோ. மாவட்டம் தோள்மேல கை வச்சு அழுத்தி உக்கார வச்சாரு. எழுந்து போனா பேரு போயிடும், அங்க பாரு வேல்முருகன் எப்படி ஒட்டிக்கினு இருக்கான்னாரு. நான் சொன்னேன். காப்புக் கட்டியிருக்கேன் மாவட்டம், விளக்கு வைக்கறதுக்குள்ள ஊருக்குப் போவணும்னு."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இருபது பேரு. நான் மேடையில கிண்டல் பண்ற மாதிரி பண்றேன்னு நெனச்சுட்டாங்க. நல்லாருக்குய்யா, இதையே அடுத்த கூட்டத்துல பேசுன்னாரு."

"நீங்க?"

அவர் வாளித் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"நீங்களும் சிரிச்சீங்களா?"

இரண்டாவது வாளியையும் ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை சுலோசனாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. ஒரு லாட்ஜ் ஹால். பிளாஸ்டிக் நாற்காலியில் மூர்த்தி தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்குகிறார். தொங்கும் வலது கையில் காப்பு பளிச்சென்று தெரிகிறது. சுவரில் கட்சித் தலைவர் படத்துக்குப் பக்கத்தில் கடிகாரம், இரண்டு பத்து. கீழே வேல்முருகன் எழுதியிருந்தான். 'அண்ணிக்கு வணக்கம். அண்ணன் ரொம்பக் களைச்சுட்டாரு பாவம், விரதம் கடுமை போல. தீமிதிக்கு நாங்க குடும்பத்தோட வர்றோம். அண்ணன் காலுக்கு ஒண்ணும் ஆவாம இருக்கணும்னு வேண்டிக்கறோம்.'

அவள் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தாள். அழிக்கலாமா என்று விரலை வைத்து, எடுத்தாள். இங்கே அழித்தால் அவனிடம் அழியுமா? கணவரிடம் காட்டலாமா, வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. இறங்குகிறவருக்கு மனசு கலங்கினால் கால் கலங்கும் என்பார்கள். போனை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பினாள்.

ஆதிமூலம் மூர்த்தியின் பாத்திகளில்தான் வேலை செய்கிறார். பாத்தியில் 'மொதலாளி' என்பவர், கோயில் வாசலைத் தாண்டினால் 'மூர்த்தி, இங்க வாடா' என்பார். மூர்த்தியும் போய் நிற்பார். இதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. சுலோசனா போனபோது அவர் நீண்ட பலகையால் உப்பை வரப்பு ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கையிலும் காப்பு. கணுக்கால் வரை உப்பு வெளுத்து, பாதங்கள் பழைய டயர் மாதிரி இருந்தன. இந்தக் காலுக்கு நெருப்பு என்ன செய்யும் என்று அவள் நினைத்தாள். மூர்த்திக்கும் ஒரு காலத்தில் இதே கால்தான். முப்பது வருடச் செருப்பு அதை மெத்தையாக்கிவிட்டது.

"ஒண்ணு கேக்கணும். காப்புக் கட்டினவங்க யாராச்சும் தெரியாம வெளியூர்ல தங்கிட்டா?"

ஆதிமூலம் பலகையை நிறுத்தவில்லை. "ராத்திரி தெரியாமயா வருது?"

"இல்ல, ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்குன்னா சொல்றேன். குழி ஓரத்துல, கரகம் எறங்கறதுக்கு முன்ன, ஊரு எதிர்க்க நின்னு வாயால சொல்லணும். நான் தங்கிட்டேன்னு. காப்பை அறுத்துடுவேன். வேப்பிலையால தலையில மூணு தட்டு. அவ்ளோதான், ஒதுங்கி நின்னுக்கலாம். அடுத்த வருசம் கட்டிக்கலாம். அவ ஒண்ணும் அவ்ளோ கெட்டவ இல்ல."

"அப்படிச் சொன்னவங்க இருக்காங்களா?"

"எங்கப்பன் சொன்னான். பூசாரியா இருந்துக்கினே சொன்னான். ஊரே காறித் துப்புச்சு. அப்புறம் அவன் கையாலதான் துன்னூறு வாங்கிக்கினு போச்சு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க காதோட சொன்னா ஆவாதா?"

இப்போதுதான் அவர் நிமிர்ந்தார். எதிர்வெயிலில் கண்களைச் சுருக்கி அவளைப் பார்த்தார். ஒரு கணம், அவருக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. "என் காதுல சொல்லி இன்னா பிரயோஜனம்மா? காப்பு ஊரு எதிர்க்கதான கட்டுனது" என்றார்.

அன்று சாயங்காலம் அதை அப்படியே கணவரிடம் சொன்னாள். அவர் விரித்த பாயில் உட்காராமல் பக்கத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மைக் எதிர்க்க, மாவட்டம் எதிர்க்க, மூணு கேமரா எதிர்க்க நான் சொல்லணும். ராத்தங்கிட்டேன், சாமி கோவிச்சுக்கும், காலு வெந்துடும், அதனால எறங்கலன்னு. இருபத்தெட்டு வருசம் நான் பேசினதெல்லாம் இன்னா ஆவறது?"

"அப்ப எறங்காதீங்க. காய்ச்சல்னு சொல்லிடலாம்."

"சொன்னா வேல்முருகன் அந்தப் போட்டோவப் போட்டுடுவான்."

அவள் திடுக்கிட்டாள். "உங்களுக்கும் வந்துச்சா?"

"உனக்கும் அனுப்பினானா?"

அவள் போய் அரிசி டப்பாவிலிருந்து போனை எடுத்து வந்து தரையில் வைத்தாள்.

"எறங்கி, வெந்துட்டா?" என்றாள் அவள்.

"அப்பவும் போடுவான். விரதம் கெட்டவன், அம்மனே காட்டிக் குடுத்துட்டான்னு எழுதுவான். பாதத்துல ஒரு கொப்புளம் போதும் சுலோ, இந்த ஊர்ல ஒரு ஓட்டு வராது."

"வேகலன்னா ஒண்ணும் இல்லையே."

அவர் அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் அவள் அப்படி ஒரு பயத்தைப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில்கூட இல்லை.

"வேகலன்னா நான் இன்னா பண்றது?" என்றார். "நான் பொய்யா எறங்கியும் அவ சும்மா இருந்தா, அங்க யாரும் இல்லன்னுதான அர்த்தம்? அப்ப சத்யாவ எழுப்பிக் குடுத்தது யாரு?"

தீமிதி அன்று காலையிலிருந்தே விறகு எரிந்துகொண்டிருந்தது. நாலு மணிக்குக் கட்டைகள் தணலாகி, நீண்ட கழிகளால் அதைத் தட்டிப் பரப்பினார்கள். பதினாறு அடி நீளக் குழி. அதன் முடிவில், இறங்கியவர்கள் கால் நனைக்க, முழங்கால் ஆழத்துக்கு இன்னொரு குழி வெட்டி, தண்ணீரும் குடம் குடமாகப் பாலும் ஊற்றியிருந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. தணலின் மேல் காற்று நெளிந்து, எதிர்ப்பக்கம் நின்றவர்களின் முகங்கள் தண்ணீருக்குள் இருப்பது போல அசைந்தன. சுலோசனா பால் குழி ஓரத்தில் பெண்களோடு நின்றாள். அங்கிருந்தே முகத்தில் அனல் அடித்தது.

கார்த்திகேசன் கட்சிக்கரை வேட்டியில் வந்து, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கரை போட்ட துண்டுக்கு மேல் யாரோ மாலை போட்டிருந்தார்கள். இரண்டு நாற்காலி தள்ளி வேல்முருகன், பட்டுப்புடவை கட்டிய மனைவியோடு. அவன் சுலோசனாவைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட கைக்குள் போன் இருந்தது.

குளத்தில் குளித்துவிட்டு, மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக, காப்புக் கட்டிய நூற்றுப் பன்னிரண்டு பேர் மேளத்தோடு வந்தார்கள். முதலில் தலையில் பூங்கரகத்தோடு ஆதிமூலம். அவருக்குப் பின்னால் மூர்த்தி. சட்டையில்லாத மார்பில் சந்தனம், நெற்றி நிறைய குங்குமம். முன்னால் கேமராக்காரர்கள் பின்னோக்கி நடந்து வந்தார்கள். குழி ஓரத்தில் ஆதிமூலம் நின்றார். அவர் உடனே இறங்கவில்லை. தலையில் கரகத்தோடு, கழுத்தைத் திருப்பாமல், உரக்கக் கேட்டார்.

"கட்டு மீறினவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

ஒவ்வொரு வருடமும் கேட்பதுதான். எல்லோரும் 'இல்ல தாயே' என்று சேர்ந்து சொல்லிவிட்டு இறங்குவார்கள். ஆனால் இந்த முறை அவர் கேட்டுவிட்டு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார் என்று சுலோசனாவுக்குப் பட்டது. மேளம் நின்றிருந்தது.

கார்த்திகேசன் எழுந்தார். "ஒரு நிமிசம் பூசாரி. நம்ம வருங்காலச் சேர்மன் ரெண்டு வார்த்தை பேசட்டும்." மைக்கை நீட்டினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. பூசாரி மட்டும் லேசாகக் கண்ணசைத்தது போல இருந்தது.

மூர்த்தி மைக்கை வாங்கினார். சொல்லப் போகிறார், என்று சுலோசனா நினைத்தாள். சொல்லிவிடுங்க. சேர்மனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பாத்தி இருக்கிறது, சோறு போடும். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, நகங்களால் தன் புஜத்தையே அழுத்திக்கொண்டாள்.

"பெரியோர்களே, தாய்மார்களே" என்றார் மூர்த்தி. அந்தக் குரல் எல்லா ஊர் மேடையிலும் கேட்டது. "நான்..." என்றார். மைக் கொய்யென்று சத்தம் போட்டது. யாரோ ஒயரை ஆட்டினார்கள். சத்தம் நின்றது. ஊர் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. வேல்முருகன் போனை மார்புக்கு நேராக உயர்த்தினான்.

மூர்த்தி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். தணலைப் பார்த்தார். பிறகு மைக்கை, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவது போல, சட்டென்று பக்கத்தில் நின்ற சரவணகுமாரிடம் கொடுத்துவிட்டார்.

"இல்ல தாயே" என்றார்கள் பின்னால் இருந்த நூற்றுப் பத்துப் பேரும். மூர்த்தியின் வாய் அசைந்ததா என்று சுலோசனாவுக்குத் தெரியவில்லை.

கோவிந்தா, கோவிந்தா என்று ஊர் கத்தியது. கரகம் இறங்கியது. ஆதிமூலம் எட்டு வைத்து, தணலை மிதித்து, பால் குழியில் கால் வைத்து ஏறிப் போனார். ஏறியவர் திரும்பி நின்றார்.

மூர்த்தி இறங்கினார்.

முதல் எட்டை வைத்தார். அடுத்த எட்டு வரவில்லை. கூட்டம் கத்துவதை நிறுத்தியது. பிறகு இரண்டாவது. தீயில் இறங்குகிறவர்கள் ஓட மாட்டார்கள் என்றாலும் விரைவாகத்தான் நடப்பார்கள். மூர்த்தி, வரப்பில் நடப்பது போல, ஒரு காலை முழுதாக ஊன்றி, அது நின்ற பிறகே அடுத்ததை எடுத்தார். தணல் அவர் பாதத்தைச் சுற்றிச் சிவந்து எழும்பியது. "வேகமா வாங்க தலைவரே" என்று சரவணகுமார் கத்தினான். மைக் அவன் கையில்தான் இருந்தது. அது ஊர் முழுக்கக் கேட்டது. கார்த்திகேசன் பதறிப்போய், "யோவ் மூர்த்தி, நட, நட" என்றார். மூர்த்தி யாரையும் பார்க்கவில்லை. அவர் தண்டனையைக் கேட்டு வாங்கப் போகிறார் என்று சுலோசனாவுக்குப் புரிந்தது. ஊருக்கு முன்னால் வாயால் சொல்ல முடியாததை அங்கே, பதினாறு அடிக்குள், எட்டு எட்டாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். அவள் எண்ணினாள். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்றாவது எட்டில் அவர் பால் குழிக்குள் நின்றார்.

கைதட்டல் வெடித்தது. தீமிதியில் யாரும் கைதட்டுவதில்லை. முன்வரிசையில் ஆரம்பித்தது அது. கார்த்திகேசன் சரவணகுமாரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார். "பாத்தீங்களா, எங்க கட்சிக்கா சாமி இல்லன்னு சொன்னீங்க? நிதானமா நடந்து வந்தாருய்யா எங்க மூர்த்தி. ஒரு கொப்புளம் இல்ல. மூர்த்தி, காலைத் தூக்கிக் காட்டு. கேமரா, இங்க வாங்க, கிட்ட வாங்க."

கேமராக்காரர்கள் ஓடி வந்து குழி ஓரத்தில் குந்தினார்கள். வேல்முருகனும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர்களோடு நின்றான். போன், பாலுக்கு நேராகக் குனிந்திருந்தது.

மூர்த்தி காலைத் தூக்கவில்லை.

"ஏறுங்க தலைவரே" என்றான் ஒருவன்.

"இருப்பா" என்றார். முகம் அமைதியாக இருந்தது. ஓட்டுக் கேட்கும் முகமா, வீட்டு முகமா என்று இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறவளாலும் சொல்ல முடியவில்லை. சுலோசனா குழி விளிம்பில் இறங்கி, பாலில் ஒரு கால் வைத்து, அவர் பக்கத்தில் போனாள். அவர் கையை அவள் தோளில் வைத்தார். பாரமாக இருந்தது.

"காலு எப்படிங்க இருக்கு?" என்றாள், உதடு அசையாமல்.

"பாக்கல."

"எரியுதா?"

அவர் தணலைத் திரும்பிப் பார்த்தார். மேலே ஆதிமூலம் கரகத்தோடு அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கில் கார்த்திகேசன் இரண்டாவது முறை, மூன்றாவது முறை கூப்பிட்டார். நான்காவது முறை அவர் குரலில் சிரிப்பு குறைந்திருந்தது.

பின்னால் இருந்தவர்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். நிறுத்த முடியாது. கைக்குழந்தையோடு ஒருவர், தலையில் வேப்பிலை கட்டிய இரண்டு சகோதரிகள், உப்பளத்து ஆட்கள், ஒருவர் பின் ஒருவராகத் தணலிலிருந்து பாய்ந்து பாலில் விழுந்து, நடுவில் நின்றவரைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். ஒவ்வொரு காலும் கொஞ்சம் சாம்பலைக் கொண்டுவந்தது. பால் முதலில் பழுப்பானது, பிறகு சாம்பல் நிறமானது, பிறகு கறுத்து, முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாமல் கலங்கிச் சுழன்றது. அதற்குள் மூர்த்தி நின்றுகொண்டிருந்தார், காப்புக் கட்டிய கையை மனைவியின் தோளில் ஊன்றியபடி.